கல்லோடு கல்லாய் இருப்பவளுக்கு

என் சாரு அக்கா,

டெல்லி கோல் மார்க்கெட் சர்க்கார் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டோம். இதை உனக்குச் சொல்லிவிட வேண்டும் என்று அம்மாவுக்கு ஒரே தவிப்பு. "அவ பாட்டுக்குப் பழைய கதவுகிட்ட வந்து நிக்கப் போறாடி. ஒரு வார்த்தை எழுதிப் போட்டுடு" என்றாள். எந்த முகவரிக்கு என்று நான் கேட்கவில்லை.

நம் வீட்டு விஷயத்தை வெளியில் பேசாதவள் நான். கூப்பிட்டாலும் காதில் விழாமல் புத்தகத்துக்குள் தலையை விட்டுக்கொண்டிருப்பேன் என்பதற்காக எனக்குக் கரையான் என்று பேர் வைத்தவளே நீதான். அப்படிப்பட்டவள் இதை அச்சுக்குக் கொடுக்கிறேன். உனக்கென்று ஒரு கதவு எண் இல்லாதபோது, நாலு பேர் கண்ணில் படுகிற இடத்தில் வைப்பதைத் தவிர வேறு என்ன செய்ய?

இப்போது ஜனக்புரியில் இருக்கிறோம், இரண்டாம் மாடியில். சுற்றிலும் தரை சமமாகக் கிடக்கிறது. கண்ணுக்கு எட்டிய வரை ஒரு மேடு கிடையாது. விடியற்காலையில் மயில் கத்துவதில்லை. மெட்ரோவுக்குத் தூண் போடுகிற இயந்திரம்தான் கத்துகிறது. அந்தத் தூண்களுக்காக லாரி லாரியாக ஜல்லி வந்து இறங்குகிறது. துருப்பிடித்த மாதிரிச் சிவந்த ஜல்லி. அது எந்த மலையிலிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். அப்பாவுக்கும் தெரியும். அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்வதில்லை.

மலை என்று நாம் சொன்னதைக் கேட்டு ஊரிலிருந்து வந்தவர்கள் சிரிப்பார்களே, நினைவிருக்கிறதா? மந்திர் மார்க் ரோட்டைக் கடந்தால் கீக்கர் முள்மரங்களுக்கு நடுவே புடைத்துக்கொண்டு நிற்கிற பாறை முதுகு, அவ்வளவுதான். டெல்லியில் அதை ரிட்ஜ் என்பார்கள். ஆனால் அது ஆரவல்லியின் வால் நுனி. குஜராத் பக்கம் ஆரம்பித்து, ராஜஸ்தானைக் குறுக்கே கடந்து, ஹரியாணாவில் விட்டு விட்டுத் தலைகாட்டி, டெல்லிக்குள் வந்து யமுனைக்கு முன்னால் மண்ணுக்குள் இறங்கிவிடுகிற தொடர். பள்ளிக்கூட அட்லஸில் நீ அதைப் பென்சிலால் தடவித் தடவிக் காகிதமே பளபளத்துப் போயிருந்தது. "நம்ம வீட்டுப் பின்னாடி முடியறது பாருடி" என்பாய். பிறகு பாங்க் வேலை கிடைத்து, அந்தக் கோட்டின் மேலேயே, ராஜஸ்தானில் அல்வருக்கு அருகே, ஒரு கிராமத்துக் கிளைக்கு உன்னை அனுப்பினார்கள். அங்கே பள்ளிக்கூட வாத்தியாராக இருந்த மகேந்தரை நீ கல்யாணம் செய்துகொண்டாய். அப்பா உன்னோடு பேசுவதை நிறுத்தினார்.

உங்கள் தலை தீபாவளியை நான் எத்தனையோ தடவை திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். யாரும் கூப்பிடாமல் நீங்கள் இரண்டு பேரும் வந்தீர்கள். நம் குவார்ட்டர்ஸ் கதவுக்கு அழைப்பு மணி ஏது? வெளியே தொங்கும் இரும்புச் சங்கிலியைத்தான் ஆட்டவேண்டும். நீ மூன்று தரம் ஆட்டுவாய், ஒரு சின்ன இடைவெளி விட்டு நாலாவதாக ஒன்று. வீட்டில் எல்லாருக்கும் அது நீ என்று தெரியும். அம்மா சமையலறை நிலைப்படியில் நின்றாள். அப்பா பேப்பரைப் பிரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். "யாரும் எழுந்திருக்க வேண்டாம்" என்று பேப்பருக்குள்ளிருந்து சொன்னார்.

சற்று நேரம் கழித்து நான் கொல்லைப்புறமாக ஓடிவந்து உங்களைத் தேடினேன். நீங்கள் ரிட்ஜில் ஒரு பாறைமேல் உட்கார்ந்து, எங்களுக்காக வாங்கி வந்த அல்வர் மில்க் கேக்கைத் தின்றுகொண்டிருந்தீர்கள். சுற்றி ஏழெட்டுக் குரங்குகள். "வாடி கரையான், தலை தீபாவளி விருந்து. சம்பந்தி மனுஷாள்லாம் வந்தாச்சு" என்று குரங்குகளைக் காட்டினாய். நீ சிரித்தாய். மகேந்தர் சிரிக்கவில்லை. கிளம்பும்போது நீ மேற்கே பார்த்துச் சொன்னாய்: "பஸ்ஸே வேண்டாம்டி. இப்படியே மலைமேல நடந்தா எங்க ஊர் வந்துடும்."

"நடுவுல கொஞ்சம் அறுந்து போகும்" என்று மகேந்தர் ஹிந்தியில் திருத்தினார்.

"அறுந்தா என்ன? அடியில சேர்ந்துதான் இருக்கும்" என்றாய்.

அதற்கடுத்த மழைக்காலத்தில் உன் காய்ச்சல். அப்பாவின் ஆபீசுக்குப் போன் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. முந்தின நாள் சாயங்காலமே உங்கள் ஊர்க் குளக்கரையில், மலையடியில், உன்னை எரித்துவிட்டார்கள். அப்பா வீட்டுக்கு வந்து தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டு ஈரத்துணியோடு உட்கார்ந்தார். கல்யாணமான பெண்ணுக்கு மூன்று நாள்தான் தீட்டு என்றார். அல்வருக்குக் கிளம்பச் சொல்லி அம்மா அழுதாள். "நான் வரல்லை. நீங்க போங்கோ" என்றார். அம்மாவும் நானும் போனோம். மகேந்தரின் அம்மா என் அம்மாவைக் கட்டிக்கொண்டு ஒரு பாஷையில் அழ, அம்மா வேறொரு பாஷையில் அழுதாள். மலைக்கு அந்தப் பக்கம் குவாரியில் வெடி வைத்தார்கள். பக்கத்து வீட்டுப் போனில் நீ என்னைக் கூப்பிட்டுப் பேசும்போது நடுவில் கேட்கும் அதே சத்தம். "ஒரு நிமிஷம் இரு, வெடி" என்று நிறுத்திவிட்டு, அது ஓய்ந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்வாயே. அன்றைக்கும் வெடி ஓய்ந்தது. நான் காத்திருந்தேன்.

திரும்பி வந்தபின் வீட்டில் சங்கிலி ஆட ஆரம்பித்தது. காற்று என்று அப்பா சொன்னார். குரங்கு என்று நான் சொன்னேன். மூன்று தரம், அப்புறம் ஒன்று. அம்மா மட்டும் போய்க் கதவைத் திறந்து பார்த்துவிட்டு வருவாள். வருஷக்கணக்கில் இப்படித்தான்.

அப்பா ரிடையர் ஆனார். குவார்ட்டர்ஸை விடவேண்டும் என்றானதும் நான் புத்தகங்களை அட்டைப்பெட்டியில் அடுக்க ஆரம்பித்தேன். ஒரு நாள் காப்பியைக் குடித்து முடித்துவிட்டு, டம்ளரைக் கீழே வைக்காமல் அப்பா சொன்னார்: "நான் வரல்லை. நீங்க போங்கோ."

அதே வார்த்தைகள். அம்மாவின் கையிலிருந்த கரண்டி நின்றது. "வராம? இங்க யாரோட இருக்கப் போறேள்?"

"சாரு மேல இருக்கா."

அம்மா கூரையைப் பார்த்தாள்.

"அங்க இல்லடி. ரிட்ஜ்ல."

அக்கா, உனக்குத் தெரிந்ததுதான், ஆனால் படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். நம் வழக்கத்தில் இறந்தவரை ஒரு கல்லில் வரவழைத்து, அந்தக் கல்லை ஊன்றி, பத்து நாள் அதற்கு எள்ளும் தண்ணீரும் விடுவார்கள். போகிற வழியில் தாகம் எடுக்குமாம். பத்தாம் நாள் கல்லைப் பிடுங்கித் தண்ணீரில் விட்டுவிட வேண்டும். அதற்குப் பிறகுதான் அவர்கள் கிளம்புவார்கள். பெண்டாட்டிக்கு இதைச் செய்யும் உரிமை புருஷனுடையது. கட்டிக்கொடுத்த பெண்ணுக்கு அப்பா செய்வது சாஸ்திரத்திலேயே கிடையாது. அதுவும் நம் அப்பா, தான் கட்டிக்கொடுக்காத பெண்ணுக்கு.

நாங்கள் அல்வரில் இருந்தபோது அவர் தனியாக ரிட்ஜில் ஏறி, ஒரு கல்லைப் பொறுக்கி, இரண்டு கீக்கர் மரங்களுக்கு நடுவே ஊன்றியிருக்கிறார்.

"மந்திரம்?" என்றாள் அம்மா.

"எங்கப்பாவுக்குப் பண்ணினப்போ காதுல விழுந்தது. ஞாபகம் இருந்த வரைக்கும் சொன்னேன்."

"பத்தாம் நாள்?"

அப்பா டம்ளரைப் பார்த்தார். "கை வரல்லை."

தினமும் காலையில் சொம்பைப் பையில் போட்டுக்கொண்டு அவர் வாக்கிங் போனது பறவைகளுக்குத் தண்ணீர் வைக்க என்று நாங்கள் நினைத்திருந்தோம். அம்மாவின் முகம் அப்போது மாறியதை நான் மறக்க மாட்டேன். அது கோபம்கூட இல்லை. "அப்படின்னா இத்தனை வருஷமா எம்பொண்ணு கிளம்பவே இல்லையா? நீங்க புடிச்சு வெச்சிருக்கேளா?" என்றாள். பிறகு மெதுவாக, "அதான் சங்கிலி" என்றாள். வீட்டில் முதல்முதலாக ஒருவர் அதை வாய்விட்டுச் சொன்னது அன்றுதான்.

மறுநாளே மூவரும் ஏறினோம். வீட்டைக் காலி செய்வதற்குள் கல்லைப் பிடுங்கி யமுனையில் விட்டாக வேண்டும் என்பது அம்மாவின் முடிவு. முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு இரண்டு மாதமாக அப்பா அந்தப் பக்கம் போகவில்லை. மேலே போனதும் அவர் நின்றுவிட்டார். கீக்கர் மரங்களைக் காணோம். நடப்பவர்களுக்காகப் புதிதாக மண் பாதை போட்டிருந்தார்கள். பாதையின் இரண்டு ஓரமும், அங்கங்கே கிடந்த கற்களை எடுத்து வரிசையாகப் பதித்து, ஒன்றுக்கு வெள்ளை, அடுத்ததற்குக் காவி என்று வர்ணம் அடித்திருந்தார்கள். கோயில் மதில் மாதிரி, கண்ணுக்கு எட்டிய தூரம் வரை.

அப்பா தஞ்சாவூர் ஜில்லாக்காரர். அவர் வளர்ந்த வண்டல் மண்ணில் ஒரு கல்லைப் பார்ப்பதே அபூர்வம். சாவுக்குக் கல் வேண்டுமென்றால் எங்கிருந்தோ கொண்டுவருவார்கள், ஊன்றின கல் ஒற்றையாகத் தெரியும். ஒரு மலை முழுக்கக் கல்லாக இருக்கிற இடத்தில் ஒரு கல்லை ஊன்றினால் என்ன ஆகும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

"ஒரு துணியாவது சுத்தி வெச்சிருக்கப் படாதா?" என்றாள் அம்மா.

"திருட்டுத்தனமா ஊன்றினவன் துணி சுத்துவானா?"

"அடையாளம் ஒண்ணும் இல்லையா?"

"குறுக்கே வெள்ளையா ஒரு ரேகை ஓடும். ஒரு மூலை உடைஞ்சிருக்கும். தொட்டாத் தெரியும் எனக்கு."

பல நாள் போனோம். அப்பா குனிய முடியாமல் குச்சியால் தட்டிக் காட்டுவார். நான் ஆணியால் வர்ணத்தைச் சுரண்டுவேன். அம்மா ஒவ்வொரு கல்லுக்கும் முன்னால் உட்கார்ந்து, எதற்கும் இருக்கட்டும் என்று அதைத் தொட்டுவிட்டு எழுந்திருப்பாள். ஷூ போட்டுக்கொண்டு ஓடுகிறவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போவார்கள். ஒரு சர்தார்ஜி நின்று, "க்யா கோ கயா, அங்கிள்ஜி? என்ன தொலைஞ்சுது, சாவியா?" என்று விசாரித்தார்.

"பத்தர்" என்றார் அப்பா.

"பத்தர்?" அவர் மலையை ஒரு தரம் சுற்றிப் பார்த்தார். "கல்லையா தேடறீங்க? இங்கேயா?" சிரிக்க வாயெடுத்தவர் அப்பாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். தன் பங்குக்குச் சற்று நேரம் அவரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுப் போனார்.

வழிநெடுக மனிதர்கள் உன்மேல் கால் வைத்துத் தாண்டுகிறார்களோ என்று எனக்குத் தோன்ற ஆரம்பித்தது. ஆபீசில் அச்சுப்பிழை பார்க்கும்போது வரிகள் வெள்ளையும் காவியுமாகத் தெரிந்தன. உன்னைக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாயா? எந்தக் கல் திரும்பும்?

கடைசியில் அம்மாதான் மகேந்தரின் பள்ளிக்கூடத்துக்குப் போன் செய்தாள். உரிமை அவருடையது, வழியும் அவர்தான் சொல்லவேண்டும் என்றாள். நடந்ததையெல்லாம் சொல்லியிருக்கிறாள். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாராம். பிறகு, "ஞாயிற்றுக்கிழமை வருகிறேன்" என்றாராம்.

ஞாயிறு மத்தியானம் சங்கிலி ஆடியது. மூன்று தரம், ஓர் இடைவெளி, நாலாவதாக ஒன்று. நானும் அம்மாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். உன்னிடமிருந்து அவருக்குத் தொற்றியிருக்கும். அப்பா எழுந்தார். குச்சியை எடுக்காமல், சுவரைப் பிடித்துக்கொண்டு போய்க் கதவைத் திறந்தார்.

காது ஓரம் நரைத்திருந்தது மகேந்தருக்கு. தோளில் கனமான ஒரு துணிப்பை. "வாங்கோ, மாப்பிள்ளை" என்றார் அப்பா. அந்த வார்த்தையின் அர்த்தத்தை நீ அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். அவர் கண்களைத் தாழ்த்திக்கொண்டார். ஆனால் உள்ளே வரவில்லை. பையைத் தரையில் வைத்து, சிவப்புத் துணியைப் பிரித்தார். உள்ளே ஒரு கல்.

அவர் ஹிந்தியில் சொன்னதை என் வார்த்தையில் எழுதுகிறேன். உங்கள் ஊரில் இளவயதில் போனவர்களுக்குக் குளக்கரையில் ஒரு கல் நடுவார்களாம். அமாவாசைக்கு அமாவாசை அதைப் பாலில் குளிப்பாட்டுவார்களாம். அதைப் பிடுங்குகிற பேச்சே கிடையாது. போனவர்கள் அங்கேயே இருந்து வீட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதற்காகத்தான் நடுவது. உனக்கும் நட்டார்கள். இப்போது குவாரி மலையைத் தின்றுகொண்டே இந்தப் பக்கம் வந்துவிட்டது. குளக்கரை வரைக்கும் வெடி வைக்கிறார்கள். பக்கத்துக் கற்களெல்லாம் ஜல்லியோடு ஜல்லியாகப் போய்விட்டன. "இவளை லாரியில் ஏற்ற எனக்கு மனசு வரவில்லை. பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். வீட்டில் வைக்கச் சொல்லவில்லை, நீங்கள் என்ன சொன்னாலும் சரி" என்றார்.

அம்மா குறுக்கே வந்து நின்றாள். பயந்திருந்தாள். "பத்து நாள் தாண்டின கல் வீட்டுக்குள்ள வரப்படாதுன்னா. வாசலோட இருக்கட்டும். நேரா யமுனைக்குப் போயிடலாம்."

"வாசலோடயா?" என்றார் அப்பா. "அவ வாசல்ல நின்னு எத்தனை வருஷம் ஆறது? இன்னும் எத்தனை நாழி நிக்கணும்?"

அம்மா நகர்ந்தாள்.

அப்பா அந்த முழங்காலோடு எப்படிக் குனிந்தார் என்று தெரியவில்லை. கல்லை இரண்டு கையாலும் எடுத்து மார்போடு வைத்துக்கொண்டார். விரல்கள் அதைத் தடவிக்கொண்டு போயின. நின்றன. திருப்பிப் பார்த்தார். "இதுதான்" என்றார்.

"எது?"

"நான் ஊன்றின கல்லுடி இது. இதோ ரேகை. இதோ மூலை."

நான் எட்டிப் பார்த்தேன், அக்கா. சிவந்த கல்லின் குறுக்கே வெள்ளையாக ஒரு ரேகை ஓடியது. ஒரு மூலை உடைந்திருந்தது. மகேந்தர் இல்லை என்று தலையை ஆட்டினார். குளக்கரையிலேயே கிடந்த கல் அது, தன் கையால் எடுத்து நட்டது என்றார். அவர் பொய் சொல்கிறவர் இல்லை. அப்பாவும் இல்லை.

நான் படித்தவள். அங்கிருந்து இங்கே வரை ஒரே பாறை, ஒரே நிறம், வெள்ளை ரேகை ஆயிரம் கல்லில் ஓடும், உடையாத மூலை எந்தக் கல்லுக்கு இருக்கிறது? இதையெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொள்ள முடிகிறது. ஆனால் அன்றைக்கு அந்த வாசலில் நான் வாயைத் திறக்கவில்லை. அடியில சேர்ந்துதான் இருக்கும் என்று நீ சொன்னது மட்டும் காதில் கேட்டுக்கொண்டிருந்தது. நடந்தே போனாயா? நடந்தே வந்தாயா?

அன்று மகேந்தர் நம் வீட்டில் சாப்பிட்டார். அம்மா இரண்டாம் தரம் ரசம் விட வந்தபோது இலைமேல் கையை விரித்து, "போறும், போறும்" என்றார். தமிழில், உன் குரலின் ஏற்ற இறக்கத்தோடு. அம்மா ரசக் கரண்டியோடு அப்படியே நின்றாள். அப்பா, "இன்னும் கொஞ்சம் விடு, அவர் அப்படித்தான் சொல்லுவார்" என்றார். அது உன்னைப் பற்றி அவர் எப்போதும் சொல்வது.

யமுனையில் விடுவதா, வைத்துக்கொள்வதா என்று அப்பா மகேந்தரைத்தான் கேட்டார். "உங்க உரிமை. நீங்க சொல்றபடி." மகேந்தர் கல்லைப் பார்த்தார். "உங்கள் வழக்கம் அவளைப் போகச் சொல்கிறது. எங்கள் வழக்கம் இருக்கச் சொல்கிறது. அவளை யாரும் கேட்கவில்லை" என்றார். யமுனைப் பேச்சு அத்தோடு நின்றது.

ஜனக்புரிக்குச் சாமான் ஏற்றின டெம்போவில் அப்பா முன் சீட்டில் உன்னை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். இப்போது பால்கனியில், துளசித் தொட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறாய். காலையில் அப்பா தண்ணீர் விடுகிறார். அமாவாசையன்று அம்மா, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, அரை டம்ளர் பால் விடுகிறாள். மாதம் ஒரு தரம் மகேந்தர் அத்திம்பேர் வருகிறார். ஆமாம், அப்படித்தான் கூப்பிடுகிறேன். முதல் தடவை எனக்கு நாக்கு குழறியது.

ரிட்ஜுக்கு நான் மட்டும் சில சமயம் போகிறேன். வெள்ளையும் காவியுமாக அந்த வரிசை அப்படியே இருக்கிறது. அப்பா ஊன்றினது இங்கே இன்னும் இருக்கிறதா, இல்லை பால்கனியில் இருப்பதேதான் அதுவா? நான் சுரண்டிப் பார்ப்பதை விட்டுவிட்டேன். எதையும் மிதிக்காமல் நடக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

ஒன்று மட்டும் சொல்லவேண்டும். இந்த ஃபிளாட்டின் கதவில் சங்கிலி கிடையாது. மணி இருக்கிறது, கிளி மாதிரிக் கத்தும். ஆனாலும் நேற்று மத்தியானம் நாங்கள் மூன்று பேரும் ஒரே சமயத்தில் தலையை நிமிர்த்தினோம். மூன்று தரம். அப்புறம் ஒன்று. அப்பா பேப்பரை மடித்து வைத்தார். அம்மா எழுந்திருக்கக்கூட இல்லை. "திறந்துதான்டி இருக்கு" என்று கதவைப் பார்த்துச் சொன்னாள்.

எனவே உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன், அக்கா. அப்பாவின் கை ஓய்கிற நாள் வரும். அன்று முதல் நான் தண்ணீர் விடுவேன். பிறகு ஒரு நாள் அத்திம்பேரையும் கூட்டிக்கொண்டு, உன்னைத் தூக்கிக்கொண்டு, மந்திர் மார்க்கிலிருந்து மேற்கே நடப்பேன், மலை எங்கெல்லாம் மிச்சம் இருக்கிறதோ அங்கெல்லாம். நடுவில் அறுந்துபோகிற இடங்களில் பஸ்ஸில் போவோம். ஓரிடத்தில் உன்னை இறக்கி வைப்பேன். ஊன்ற மாட்டேன், நீரிலும் விட மாட்டேன். கல்லோடு கல்லாக வைத்துவிட்டு, எந்த இடம் என்று பார்த்து வைத்துக்கொள்ளாமல் திரும்பி வருவேன். அங்கிருந்து எந்தப் பக்கம் போவது என்பது உன் இஷ்டம்.

அதுவரைக்கும் கதவு திறந்தே இருக்கும்.

உன் தங்கை,
கரையான்